தேயிலை மலைகளின் கோரைகள்: சிவப்புக்காய்க் கேரெக்ஸை முன்வைத்து ஒரு வகைப்பாட்டு ஆய்வு

மலையகத் தோட்டங்களில் கோரைக்கென்று தனிக் கணக்குக் கிடையாது. புல்வெட்டு என்று ஒரு நாள் பேர் போட்டால், மலையில் தேயிலை தவிர நிற்கும் பச்சை முழுவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும். அறுகும் கோரையும் ஒரே சுரண்டியில் போகும். மருந்தடிப்பு என்றால் இரண்டும் ஒன்றாய் நனையும். தேயிலைத் தூருக்கடியில் கிழங்குகளை வரிசையாக ஓடவிட்டு உரத்தில் பங்கு கேட்கும் செடி ஒன்று உண்டு. ஓடைக்கரையில் மார்பளவு வளர்ந்து, சிவந்த காய்களைக் கொத்தாகத் தாங்கி, கரை மண்ணை வேரால் பிடித்து நிற்கும் செடி இன்னொன்று. இவை இரண்டும் கோரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றை அகற்றத்தான் வேண்டும். மற்றதை அகற்றினால் கரை சரியும். இந்த வேறுபாட்டைத் தாவரவியல் நெடுங்காலமாக அறியும். தோட்டத்தின் அன்றாட வேலைமுறைக்குள் அது இன்னும் வந்து சேரவில்லை.

ஓடைக்கரையில் நிற்கும் அந்தச் செடியின் அறிவியற் பெயர் கேரெக்ஸ் பக்கான்ஸ். இக்கட்டுரையில் அதைச் சிவப்புக்காய்க் கோரை என்று அழைக்கிறேன். அதன் உறுப்பமைப்பையும், ஏறத்தாழ 200 ஆண்டுகளாக அதன் வகைப்பாட்டில் நிகழ்ந்த மாற்றங்களையும், நுவரெலியா, ஹட்டன் பகுதிகளில் அதற்கு உறவான களைகளையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே நோக்கம்.

கோரை எது, புல் எது

தமிழருக்குக் கோரை புதிதன்று. தாமிரபரணிக் கரையில் பத்தமடைப் பாய் நெய்யப்படுவது சைப்பெரஸ் பங்கோரை என்ற கோரையிலிருந்து. காவிரிக் கரையிலும் கோரைப்பாய் நெசவு உண்டு. திருச்சி, புதுக்கோட்டை, சேலம், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து இந்த மலைகளுக்கு வந்தவர்கள் கோரைப்பாயில் படுத்து வளர்ந்தவர்களே. ஆனால் அவர்கள் அறிந்த கோரை சமவெளியின் ஆற்றுப்படுகைச் செடி. ஐயாயிரம் அடி உயரத்தில் அவர்கள் கண்டது அதே குடும்பத்தின் வேறு கிளைகளை.

புல்லையும் கோரையையும் பிரித்தறிய எளிய வழி தண்டைத் தொட்டுப் பார்ப்பது. இரு விரலுக்கிடையே உருட்டினால் கோரைத் தண்டின் மூன்று விளிம்புகளும் தட்டுப்படும். புல்லின் தண்டு உருண்டை. கணுக்களுக்கிடையே பெரும்பாலும் உள்ளீடற்றது. கோரையின் பூந்தண்டு உள்ளே சோற்றி நிறைந்தது, பெரும்பாலும் கணு இல்லாதது. புல்லின் இலைகள் இரண்டு வரிசையில் எழும். கோரையின் இலைகள் மூன்று வரிசையில் எழும். புல்லின் இலையுறை ஒரு பக்கம் பிளந்திருக்கும். கோரையில் அது தண்டைச் சுற்றி மூடிய குழாய். விதிவிலக்குகள் உண்டு. எலியோகாரிஸ் பேரினத்தில் உருண்டைத் தண்டுடைய இனங்கள் பல. இருந்தாலும் தேயிலை மலையில் காணும் பெரும்பாலான கோரைகளுக்கு இந்தச் சோதனை போதும்.

வெளித்தோற்றத்தில் புல்லை ஒத்திருந்தாலும், கோரைக் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவு புல் அல்ல. யுங்கேசியே என்ற சதுப்புநாணல் குடும்பம். கோரைக் குடும்பத்தின் தனித்தன்மைக்கும் இந்த உறவுக்கும் நுண்ணோக்கியடியில் சான்றுகள் கிடைக்கின்றன. மகரந்தத் தாய்க்கலம் பகுந்து நான்கு கருக்களாகும்போது, பெரும்பாலான பிற தாவரங்களில் நான்கும் நான்கு மகரந்தமணிகளாகும். கோரைகளில் மூன்று நலிந்துபோக ஒன்றுமட்டுமே எஞ்சுகிறது. நிறப்புரிகளும் தனித்தன்மை கொண்டவை. பெரும்பாலான பிற உயிரினங்களில் நிறப்புரிக்கு மையப்புள்ளி ஒன்று இருக்கும். கலம் பகும்போது இழுப்பிழை அங்கேதான் பற்றும். கோரையில் அந்தப் பற்றும் திறன் நிறப்புரியின் நீளம் முழுவதும் பரவியிருக்கிறது. ஆகையால் நிறப்புரி துண்டானாலும் துண்டு தொலைந்து போவதில்லை. சதுப்புநாணல் குடும்பத்தின் சில இனங்களிலும் இதே இயல்பு காணப்படுகிறது. கேரெக்ஸ் பேரினத்தில் இனத்துக்கு இனம் நிறப்புரி எண்ணிக்கை பெரிதும் மாறுவதற்கும், அப்பேரினம் இத்தனை இனங்களாகப் பெருகியதற்கும் இது ஒரு காரணம் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்.

குடும்பத்தில் ஏறத்தாழ 5,500 இனங்கள். ஒருவித்திலைத் தாவரங்களில் ஆர்க்கிட்டுக்கும் புல்லுக்கும் அடுத்த பெரிய குடும்பம் இதுவே. அதில் கேரெக்ஸ் மட்டும் ஏறத்தாழ 2,000 இனங்கள். உலகின் மிகப் பெரிய தாவரப் பேரினங்களுள் அதுவும் ஒன்று. அதன் பெருந்தொகை வடக்கின் குளிர் நாடுகளில் இருக்கிறது. வெப்பமண்டலத்தில் அது மலைகளை நாடும். இலங்கையின் மத்திய மலைநாடும், தமிழகத்தின் நீலகிரி, பழனி மலைகளும் அந்த வடக்குச் சாயல் தென்னாட்டில் தங்கியிருக்கும் இடங்கள்.

சிவப்புக்காய்க் கோரையின் உறுப்பமைப்பு

கேரெக்ஸ் பக்கான்ஸ் பல்லாண்டுச் செடி. நிலத்துக்கடியில் கட்டைபோல் வலுத்த வேர்த்தண்டு இருக்கிறது. அதிலிருந்து நெருக்கமான தூராகத் தண்டுகள் எழுகின்றன. தண்டின் உயரம் 80 முதல் 150 சென்டிமீற்றர் வரை. தடித்தது, முக்கோணமானது, வழவழப்பானது. தண்டின் அடியைச் சுற்றிய இலையுறைகள் செம்பழுப்பு நிறத்தன. முதிர்ந்ததும் அவை நார்நாராகக் கிழிந்து வலைபோல் தண்டடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்க்காத காலத்தில் செடியை இனங்காண இந்தச் செம்பழுப்பு நார்வலையைப் பார்க்கலாம். இலைகள் தண்டையும் தாண்டி நீளும். அகலம் 8 முதல் 12 மில்லிமீற்றர். விளிம்பு சொரசொரப்பானது, கவனமில்லாமல் இழுத்தால் கையைக் கீறிவிடும்.

பூங்கொத்து கிளைத்தது, 10 முதல் 35 சென்டிமீற்றர் நீளமானது. கொத்தின் ஒவ்வொரு கிளையடியிலும் இலைபோன்ற நீண்ட பூவடியிலை ஒன்று நிற்கிறது. அது கொத்தையே தாண்டி நீளும். கிளைகளில் கதிர்கள் ஏராளம். ஒவ்வொரு கதிரிலும் மேற்பகுதியில் ஆண் பூக்கள், கீழ்ப்பகுதியில் பெண் பூக்கள். அல்லி இல்லை, புல்லி இல்லை. ஒரு செதிலின் இடுக்கில் மூன்று கேசரங்கள் இருந்தால் அது ஆண் பூ. பெண் பூவில் ஒரே சூலகமும், மூன்றாகப் பிரிந்த சூல்முடியும் உண்டு. காற்றே மகரந்தம் சுமக்கிறது. அதற்கு நிறமும் மணமும் தேவையில்லை.

இந்தச் செடியை மற்றக் கோரைகளிடமிருந்து பிரித்துக் காட்டும் சிவப்பு, பூவிலன்று, காயில் வருகிறது. கேரெக்ஸ் பேரினம் முழுவதற்கும் உரிய அடையாளம் ஒரு பை. சூலகத்தின் அடியில் தோன்றும் சிறிய முன்னிலை ஒன்று, விளிம்போடு விளிம்பு ஒட்டி, சூலகத்தை முழுதாக மூடி, உறைப்பை எனப்படும் ஒரு குடுவையாகிறது. அதன் வாயிலிருந்து சூல்முடிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காய் முற்றும்போது கொட்டைக்கனி உள்ளேயே இருக்க, உறைப்பையோடு சேர்ந்து விழுகிறது. பெரும்பாலான கேரெக்ஸ் இனங்களில் உறைப்பை பச்சையாகவோ பழுப்பாகவோ வைக்கோல் நிறத்திலோ இருக்கும். நம் செடியிலோ அது 3.5 முதல் 4.5 மில்லிமீற்றர் வரை ஊதி, மிளகளவு உருண்டு, தோல்போல் தடித்து, பளபளக்கும் சிவப்பாகிப் பின்னர் கருஞ்சிவப்பை அடைகிறது. நுனியில் குறுகிய அலகு ஒன்றும் அதில் இரு பற்களும் உண்டு. நசுக்கிப் பார்த்தால் சாறோ சதையோ இராது. காற்றிடைவெளியும், அதற்குள் மூன்று பக்கம் கொண்ட கொட்டைக்கனியுமே இருக்கும். பழம் போன்ற தோற்றம் மட்டுமே உண்டு, பழம் இல்லை. காற்றை நம்பிப் பூக்கும் செடி, காய்ப்பருவத்தில் மட்டும் இப்படிக் கண்ணைக் கவரும் நிறம் கொள்வது பறவைகளை முன்னிட்டு ஏற்பட்டதாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இச்செடியின் பரப்பு அகன்றது. இமயத்தின் கிழக்குச் சரிவுகள், தென்னிந்திய மலைகள், இலங்கை, மியான்மார், தாய்லாந்து, தென்சீனம், தாய்வான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் தீவுகள் வரை பரவியிருக்கிறது. எங்கும் அது விரும்புவது காட்டோரம், ஓடைக்கரை, ஈரமான பள்ளத்தாக்கு. மேகாலயத்தின் ஜைந்தியா மக்கள் இதன் வேர்ப்பகுதியைக் குடற்புழுவுக்கு மருந்தாக உண்டு வந்துள்ளனர். அந்த வழக்கத்தைத் தொடர்ந்து சில்லாங்கிலுள்ள வடகிழக்கு மலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேர்ச் சாற்றை நாடாப்புழுக்களின்மேல் சோதித்து, அதிலுள்ள ஸ்டில்பீன் வகைச் சேர்மங்கள் புழுக்களைச் செயலிழக்கச் செய்வதைக் காட்டினர்.

பெயரிட்டவர்களும் தொகுத்தவர்களும்

கேரெக்ஸ் பக்கான்ஸ் என்ற பெயர் அச்சேறியது 1834இல். சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ராபர்ட் வைட் தென்னிந்தியத் தாவரங்களைப் பெருமளவில் சேகரித்தவர். அவர் வெளியிட்ட இந்தியத் தாவரவியல் பற்றிய நூலில் கோரைப் பகுதியை எழுதியவர் ஜெர்மானியரான நேஸ் வான் ஈசன்பெக். இந்தியாவுக்கே வராதவர் அவர். காய்ந்த மாதிரிகளை மேசைமேல் வைத்துப் பார்த்தே இந்தச் செடிக்குப் பெயரிட்டார்.

அதே காலத்தில் இலங்கை மலைகளில் ஒரு தம்பதியர் தாவரம் சேர்த்துக்கொண்டிருந்தனர். கேணல் ஜோர்ஜ் வாரன் வாக்கரும் அவருடைய மனைவி ஆனா மரியா வாக்கரும் தேயிலை இங்கே வருவதற்கு முன்பே இந்த மலைக்காடுகளில் அலைந்தவர்கள். ஆனா மரியா சிவனொளிபாதமலை ஏறிய தம் பயணக்குறிப்பை 1835இல் இங்கிலாந்தின் தாவரவியல் இதழொன்றில் வெளியிட்டார். இலங்கை மலைநாட்டின் கேரெக்ஸ் இனமொன்று கேரெக்ஸ் வாக்கேரி என்று அவர்கள் பெயரைத் தாங்குகிறது. அதை விவரித்தவர் பிரான்சிஸ் பூட். இலண்டனில் மருத்துவராக வாழ்ந்து கேரெக்ஸ் ஒன்றையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர் அவர். 1858 முதல் அவர் வெளியிடத் தொடங்கிய படத் தொகுதிகள் இன்றும் பயன்படுகின்றன.

பேராதனைத் தாவரவியல் பூங்கா 1821இல் தொடங்கியது. அங்கு கண்காணிப்பாளராக இருந்த ஜோர்ஜ் கார்டனர் 1849இல் நுவரெலியாவில் இறந்தார். அவருக்குப் பின் வந்த துவெயிட்ஸ், இலங்கைத் தாவரங்களின் பட்டியலை 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். அவர் எண்ணிட்டு உலக மாதிரியகங்களுக்கு அனுப்பிய உலர்தாவரத் தாள்களைக் கொண்டே பல மலைநாட்டு இனங்கள் இன்றும் அடையாளம் காணப்படுகின்றன. அடுத்து வந்த ஹென்றி ட்ரைமன் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தம் கைந்நூலை முடிக்கும் முன்பே 1896இல் மறைந்தார். எஞ்சியதை முடித்தவர் ஜோசஃப் ஹூக்கர். 1900இல் வந்த ஐந்தாம் தொகுதியில் கோரைகளும் புற்களும் அடங்கின. 1985இல், திருத்திய கைந்நூலின் ஐந்தாம் தொகுதியில், ஜப்பானியரான தெட்சுவோ கொயாமா கோரைக் குடும்பத்தை முழுமையாக மறுபடி எழுதினார். இலங்கையின் கோரைகளைப் பற்றி விரிவாக அறிய விரும்புவோர் இன்றும் நாடவேண்டியது அந்தப் பகுதியைத்தான்.

இந்நூல்கள் யாவும் இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டவை. அவற்றில் விவரிக்கப்பட்ட செடிகளின் நடுவே நாள்தோறும் கொழுந்தெடுத்த மக்களின் மொழியில் அல்ல.

வகைப்பாடு நகர்ந்த வழி

ஈராயிரம் இனங்களைக் கொண்ட பேரினத்தை உள்ளுக்குள் எப்படிப் பிரிப்பது என்பது பழைய வினா. ஜெர்மனியின் கோபுர்க் பகுதியில் பாதிரியாராக இருந்த ஜோர்ஜ் குக்கென்தால் 1909இல் எழுதிய பெருநூல் அடுத்த நூறாண்டுக்கு அளவுகோலாக நின்றது. அவர் பேரினத்தை நான்கு துணைப்பேரினங்களாகப் பகுத்தார். ஒரே கதிர் மட்டும் உள்ளவை ஒரு பிரிவு. காம்பற்ற இருபாற் கதிர்கள் கொண்டவை இன்னொன்று. ஆண் கதிரும் பெண் கதிரும் தனித்தனியானவை மற்றொன்று. கிளைத்த பெருங்கொத்தும் இருபாற் கதிர்களும் கொண்ட வெப்பமண்டல மலை இனங்களை இண்டோகேரெக்ஸ் என்று வைத்தார். சிவப்புக்காய்க் கோரை இந்தக் கடைசிப் பிரிவில் இடம்பெற்றது.

கிளைத்த கொத்துத்தான் ஆதி வடிவம், அது படிப்படியாகச் சுருங்கியே வடக்கின் ஒற்றைக்கதிர் இனங்கள் வந்தன என்று பலர் பின்னர் வாதிட்டனர். அந்தக் கணக்கில் நம் ஓடைக்கரைச் செடி பேரினத்தின் மூத்த வடிவத்துக்கு நெருங்கியதாக எண்ணப்பட்டது. கொத்தைப் பார்த்து வரலாற்றை ஊகித்த இந்த முறையை மரபணு ஆய்வு நிலைகுலையச் செய்தது. டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிட்டபோது, இண்டோகேரெக்ஸ் தனிக்கிளையாகவே நிற்கவில்லை. அதன் இனங்கள், ஆண் பெண் கதிர்கள் பிரிந்த பெரும் துணைப்பேரினத்துக்குள் பல இடங்களில் சிதறி நின்றன. பேரினத்தின் அடியிலிருந்து முதலில் பிரிந்த கிளை சைடரோஸ்டிக்டா என்ற கிழக்காசியச் சிறு குழு என்பதும் தெளிவாயிற்று. ஒற்றைக்கதிர் இனங்களும் ஒரே மூதாதையின் வழிவந்தவை அல்ல. கதிர்கள் சுருங்குவது வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே நிகழ்ந்திருக்கிறது.

உறைப்பையும் இதே சோதனைக்கு உள்ளானது. பை முழுதாக மூடியிருந்தால் கேரெக்ஸ், ஒரு பக்கம் திறந்திருந்தால் கோப்ரேசியா என்று இரண்டு நூற்றாண்டு காலம் பாடம் சொல்லப்பட்டது. இமயத்தின் உயர் மேய்ச்சல்வெளிகளை மூடிய கோப்ரேசியா இனங்கள் மரபணு மரத்தில் கேரெக்ஸுக்கு உள்ளேயே கிளைத்திருந்தன. 2015இல் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடிய உலகக் கேரெக்ஸ் குழு, கோப்ரேசியா, அன்சினியா முதலிய சிறு பேரினங்களைக் கேரெக்ஸோடு இணைத்தது. 2021இல் அப்பேரினத்துக்கு ஆறு துணைப்பேரினங்கள் கொண்ட புதிய சட்டகம் வந்தது. அதில் சிவப்புக்காய்க் கோரை, கேரெக்ஸ் என்ற பெயருடைய பெருந் துணைப்பேரினத்தில் இருக்கிறது. அதே 2021இல் கோரைக் குடும்பம் முழுவதும் இரண்டு துணைக்குடும்பங்கள், 24 குலங்கள், 95 பேரினங்களாகச் சீரமைக்கப்பட்டது.

இணைப்பு பெரிதும் நிகழ்ந்த இன்னோர் இடம் சைப்பெரஸ். நுவரெலியாப் பக்கம் பாதையோரத்திலும் கான்களிலும் பச்சைப் பாயாகப் படர்ந்து, ஒவ்வொரு தண்டின் நுனியிலும் பச்சை உருண்டை ஒன்றை ஏந்தி நிற்கும் சிறு கோரையைப் பார்க்காதவர் இரார். டென்மார்க்கின் ரோட்பெல் 1773இல் அதைக் கிலிங்கா பிரெவிஃபோலியா என்று விவரித்தார். அவருக்குத் தமிழகக் கடற்கரையின் தரங்கம்பாடியிலிருந்து மாதிரிகள் அனுப்பியவர், லின்னேயஸின் மாணவரும் டேனியக் குடியேற்றத்தின் மருத்துவருமான கோனிக். சிறுகதிர் முழுதாக உதிர்வதையும், கொட்டைக்கனி பக்கவாட்டில் தட்டையாக இருப்பதையும் காரணம் காட்டிக் கிலிங்காவைத் தனிப் பேரினமாக வைத்திருந்தனர். மரபணு ஆய்வு அதையும் சைப்பெரஸுக்குள் கொண்டுவந்தது. இன்று அது சைப்பெரஸ் பிரெவிஃபோலியஸ். பழைய நூல் வைத்திருப்போரும் புதிய நூல் வைத்திருப்போரும் ஒரே செடியை இரு பெயரால் குறிப்பதால், களைப் பட்டியல்களை ஒப்பிடும்போது இதைக் கவனத்தில் கொள்ளவேண்டும்.

பெயர் மாற்றங்களைக் கண்டு சலிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சலிப்பு இல்லை. சைப்பெரஸ் பக்கமும் கேரெக்ஸ் பக்கமும் எங்கே பிரிகின்றன என்பதை இந்த ஆய்வுகள் உறுதியாக்கியதால்தான், தோட்டத்துக்குப் பயன்படும் ஒரு வேறுபாடு தெளிந்திருக்கிறது.

வெயிலின் கோரை, நிழலின் கோரை

ஒளிச்சேர்க்கையில் காபனை முதலில் மூன்று காபன் அணுக்கள் கொண்ட சேர்மமாகக் கட்டும் தாவரங்கள் ஒரு வகை. நான்கு அணுக்கள் கொண்ட சேர்மமாகக் கட்டுபவை இன்னொரு வகை. நான்கு அணு வழி கடும் வெயிலிலும் வெப்பத்திலும் வேகமாக உழைக்கும். நிழலிலும் குளிரிலும் அந்த மேன்மை மங்கும். கேரெக்ஸ் முழுவதும் மூன்று அணு வழியைச் சேர்ந்தது. சைப்பெரஸின் பெரும்பகுதி, களையாகப் பேர்பெற்ற இனங்கள் உட்பட, நான்கு அணு வழியைச் சேர்ந்தது.

கோரைக்கிழங்கு எனப்படும் சைப்பெரஸ் ரொட்டண்டஸ் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1672 முதல் இலங்கையில் டச்சுக் கம்பனியின் மருத்துவராக இருந்த பவுல் ஹெர்மன் சேகரித்த தாவரங்களை வைத்து லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவர நூலை எழுதினார். இந்தக் கோரை அதில் இடம்பெற்று, 1753இல் இன்றைய பெயரைப் பெற்றது. நாட்டு மருத்துவத்தில் மதிப்புக்குரிய இக்கிழங்கை, 1977இல் லீராய் ஹோமும் தோழர்களும் உலகின் மிகக் கொடிய களை என்று முதலிடத்தில் வைத்தனர். காரணம் நிலத்துக்கடியில் இருக்கிறது. மெல்லிய வேர்த்தண்டு ஒன்றில் கிழங்குகள் அடுத்தடுத்துக் கோத்திருக்கும். நுனியிலுள்ளது முளைத்திருக்கும்வரை மற்றவை உறங்கும். மேலே பிடித்து இழுத்தாலோ முள்ளால் கிளறினாலோ இணைப்பு அறும். உறங்கிய கிழங்குகள் ஒவ்வொன்றும் தனிச் செடியாக எழும். அரைகுறையாகப் பிடுங்குவது களையைப் பெருக்கும் வேலை. சமவெளியில் உழுது கிழங்கை வெயிலில் காயவிட்டு அழிப்பார்கள். மழையும் மூடுபனியும் மாறி மாறி வரும் மலையில் அந்த வழியை நம்ப முடியாது.

ஆனால் அதற்கு நிழல் ஆகாது, குளிர் ஒத்துவராது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். ஊரின் உயரம் 1,868 மீற்றர். அங்கே கோரைக்கிழங்கின் வேகம் குறைவு. ஹட்டனிலிருந்து கீழிறங்க இறங்க அது வலுக்கும். தேயிலைப் பந்தல் மூடியிருக்கும் மலையில் அது தலைதூக்காது. கவ்வாத்து முடிந்து வெயில் மண்ணைத் தொடும் மாதங்களிலும், நாற்றுமேடையிலும், இளந்தேயிலையிலும்தான் அது பரவும். ஆகவே அதற்கு எதிரான முதல் கருவி மூடாக்கும் வெற்றிடமில்லாத தேயிலையும். கத்தியும் மருந்தும் அதற்குப் பிறகே.

கேரெக்ஸின் கதை நேர்மாறானது. சிவப்புக்காய்க் கோரைக்குக் கிழங்கு இல்லை. மண்ணுக்கடியில் ஓடித் தேயிலை வரிசைக்குள் புகும் இயல்பு இல்லை. தூர்விட்டு நின்ற இடத்திலேயே தடிக்கும். தேயிலை வேண்டுவது நீர் வடியும் சரிவு; இது வேண்டுவது நீர் கசியும் கரை. இரண்டுக்கும் போட்டி நிலம் மிகக் குறைவு. இருந்தும் கான் வெட்டுக்கும் ஓடைத் துப்புரவுக்கும் ஆள் இறங்கும்போது முதலில் சாய்வது இதுவே. உயரமாகவும் கண்ணில் படும்படியும் நிற்பதுதான் அதன் குற்றம்.

மண்ணின் கணக்கு

இந்த மலைகளில் மண் அரிப்பு நேற்றுத் தொடங்கிய கவலை அல்ல. 1873இல் ஜோசஃப் ஹூக்கரின் ஆலோசனையின் பேரில் 5,000 அடிக்கு மேல் காடழிப்பது தடுக்கப்பட்டது. அதற்குள் காடிழந்த சரிவுகளில் கோப்பியும் பின்னர் தேயிலையும் ஏறின. புல் பூண்டு ஒன்றும் இல்லாமல் மண்ணைச் சுரண்டி வைப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் என்று துரைமார் பல தலைமுறை நம்பினர். அந்தச் சுரண்டல் மேல்மண்ணை ஆற்றில் சேர்த்தது. 1931இல் மண் அரிப்பு பற்றிய அரச குழுவின் அறிக்கை வந்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தீமையான களையை மட்டும் தேர்ந்தெடுத்து அகற்றி, தாழ்ந்து படரும் மெல்லிய செடிகளை விட்டுவைக்கும் முறையும் தோட்டங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

தேர்ந்தெடுத்து அகற்றுவதற்கு முதலில் இனம் தெரியவேண்டும். இதைத் தவிர்க்க மருந்து வசதியாக இருந்தது. 2015இல் கிளைபோசேட் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது அந்த வசதி போயிற்று. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. 2021இல் இரசாயன உரத்தோடு விவசாய இரசாயனங்களின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டு, அதே ஆண்டின் இறுதிக்குள் அந்த முடிவு பின்வாங்கப்பட்டது. இந்தத் தடுமாற்றங்களின் சுமை களையெடுப்பவர்கள் முதுகில்தான் ஏறியது. மருந்து வந்தாலும் போனாலும் ஓடைக்கரை மட்டும் பாதுகாப்புப் பெறவில்லை. மகாவலிக்கும் களனிக்கும் நீர் கொண்டுசெல்லும் சிற்றோடைகள் பல இத்தோட்டங்களுக்குள்ளேயே பிறக்கின்றன. லயத்துப் பீலிகளுக்கு வரும் நீரும் அங்கிருந்துதான்.

சான்றுகளை எல்லாம் வைத்துப் பார்க்கும்போது என் தீர்ப்பு இது. கோரைக்கிழங்கைத் தேயிலைக்குள் விட்டுவைக்கக் கூடாது. அதை வெயில் படாமல் மூடியும், இளஞ்செடிப் பருவத்தில் கிழங்கோடு தோண்டியும் அடக்கவேண்டும். பச்சை உருண்டைக் கோரையை நாற்றுமேடையில் அகற்றினால் போதும். பாதையோரத்திலும் கான் விளிம்பிலும் அது மண்ணைப் பிடித்துத் தருகிறது. சிவப்புக்காய்க் கோரையையும் பிற கேரெக்ஸ்களையும் களைப் பட்டியலிலிருந்தே நீக்கவேண்டும்.

இதற்குப் பெரும் செலவு இல்லை. 1925இல் தொடங்கப்பட்டு, இன்று தலவாக்கலை சென் கூம்ஸில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் பேராதனைத் தேசிய மாதிரியகமும் சேர்ந்தால், மலையகத்தின் கோரைகளுக்குப் படங்களோடு கூடிய தமிழ்க் கைந்நூல் ஒன்றை உருவாக்க முடியும். தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்கள் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளைகளை ஓடைக்கரைக்கு அழைத்துச் சென்று, முக்கோணத் தண்டை உருட்டிப் பார்க்கவும், வேரடியில் கிழங்கா தூரா என்று தோண்டிப் பார்க்கவும், உறைப்பையைப் பிரித்து உள்ளிருக்கும் கொட்டைக்கனியைக் காணவும் பழக்குங்கள். தோட்ட நிருவாகங்கள் செய்யவேண்டியது இன்னும் எளிது: ஓடையின் இரு கரையிலும் சில அடி அகலத்தைப் புல்வெட்டுக் கணக்கிலிருந்து விலக்கி விடுங்கள்.